ஐந்தடிக் கடைக்கு எந்தப் பிலிம்?

பினாங்கில் கடைக் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்ட விசாரிப்பவர்களுக்கு வெயில் பிலிம், பாதுகாப்புப் பிலிம், இரண்டும் சேர்ந்தது என மூன்று வகைகளைக் காட்டுவார்கள். லிட்டில் இந்தியாவில் மேற்குப் பார்த்த ஒரு நகைக்கடையை வைத்து இவற்றை ஒப்பிடலாம்.

வெயில் பிலிமில் உலோகப் பூச்சு கொண்டதற்குப் பெரும்பாலும் செராமிக் (பீங்கான் நுண்துகள் கலந்த) பிலிமைவிட விலை குறைவு, வெப்பத்தையும் நன்றாகவே திருப்பிவிடும். ஆனால், வெளிச்சம் அதிகமுள்ள பக்கத்தில் நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடுவதால், பகலில் தெருவில் போகிறவருக்குத் தம் முகம் தெரியுமே தவிர உள்ளே தொங்கும் ஆரம் தெரியாது. வெயில் பிலிம்தான் வேண்டுமென்றால் நகைக்கடைக்குச் செராமிக்தான் சரி. விற்பனையாளர் வெப்ப விளக்கின் முன் உங்கள் கையை வைக்கச் சொல்வார். அதில் மயங்க வேண்டாம். விளக்கு உமிழ்வது பெரும்பாலும் அகச்சிவப்பு. சூரிய ஆற்றலிலோ ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வருகிறது. ஆகவே, மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை விழுக்காடு தடுக்கப்படுகிறது என்று கேளுங்கள். புற ஊதாக் கதிரை 99 விழுக்காடு தடுக்கும் என்பது ஏறக்குறைய எல்லாப் பிலிமுக்கும் பொதுவானது.

கீழ்த்தளக் கண்ணாடிக்கு, கடை வரிசையின் முன்னால் ஓடும் ஐந்தடி என்ற கூரையிட்ட நடைபாதையின் கூரையே நிழல் தருகிறது, மாலைச் சாய்வெயில் மட்டுமே உள்ளே எட்டிப் பார்க்கும். எனவே வெயில் பிலிமுக்கான செலவை மாடிச் சன்னல்களுக்கு வைத்துக்கொண்டு, கீழே நிறமற்ற பாதுகாப்புப் பிலிம் ஒட்டுவதே என் தேர்வு.

பாதுகாப்புப் பிலிம் கண்ணாடி உடைவதைத் தடுக்காது; உடைந்த சில்லுகளைச் சிதறாமல் பிடித்து, திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. பிலிமின் தடிமனை மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் சொல்வார்கள்: 4 மில் என்பது சுமார் 100 மைக்ரான், 8 மில் அதன் இரு மடங்கு. நகைக்கடைக்கு 8 மில் பொருந்தும் என்றாலும், பிலிமின் விளிம்பைக் கட்டமைப்புச் சிலிக்கோன் பசை கொண்டு சட்டத்தோடு பிணைக்காவிட்டால், உடைந்த கண்ணாடி பிலிமோடு சேர்ந்து மொத்தமாகப் பெயர்ந்து விழக்கூடும். பூட்டை வாங்கிவிட்டு நாதாங்கியை மறந்த கதைதான்.

இரண்டும் சேர்ந்த பிலிம் ஒரே கூலியில் முடிவதால் கவர்ச்சியானது. ஆனால், அடர்நிறப் பிலிம் வெப்பத்தை உறிஞ்சும்போது, நிழல் விழும் பகுதி குளிர்ந்தும் வெயில் படும் பகுதி சூடேறியும் இருக்க, பதப்படுத்தாத சாதாரணக் கண்ணாடி விரிசல் விடலாம். ஐந்தடிக் கூரையின் நிழற்கோடு விழும் கண்ணாடிக்கு இந்த ஆபத்து கூடுதல். கோலாலம்பூர் அலுவலகக் கோபுரங்களில் உள்ள இரட்டை அடுக்குக் கண்ணாடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கண்ணாடி வகையைப் பார்க்காமலே விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ஒட்டிய பின் தடித்த பிலிம் சில வாரங்கள் பால்போல் மங்கித் தெரியும். அது அடியில் தங்கிய சோப்புநீர். தானாகவே காயும், ஊசியால் குத்தக் கூடாது.