மூட்டை ஏற்றும் ரெண்டு சக்கர ட்ராலி: வாங்கலாம், ஆனால் அடித்தகடை மாற்றிவிடுங்கள்

பொள்ளாச்சி முதல் மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை வரை தீவனக் கடை, உரக்கடை, கொப்பரைக் குடோன்களில் புழங்குகிற இரும்புக் குழாய் ட்ராலிதான் இது. 10 இன்ச் காற்று டயர், 120 செ.மீ. உயரக் கைப்பிடி, மூட்டை உட்காரும் 22 செ.மீ. ஆழ அடித்தகடு. ஸ்டிக்கரில் ‘300 கிலோ’ என்று போட்டிருக்கும். அது குழாயும் அச்சும் தாங்குகிற எடை. ஓட்டுகிறவர் கைக்கு எவ்வளவு வரும் என்பது வேறு கணக்கு.

50 கிலோ தீவன மூட்டை இரண்டைப் படுக்கவைத்து அடுக்கினால், சுமையின் ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் குவிகிற புள்ளி) அச்சுக்கு முன்னால் 30 செ.மீ. தள்ளியும், அச்சுக்கு மேலே வெறும் 10 செ.மீ. உயரத்திலும் நிற்கும். வண்டியை நேர் நிலையிலிருந்து பின்னால் 40 டிகிரி சாய்த்த பிறகும், முன்னால் கவிழாமல் இருக்கக் கையால் சுமார் 24 கிலோ அழுத்த வேண்டும். கை லேசாக வேண்டுமென்றால் 70 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டும். அப்போது கைப்பிடி முழங்கால் உயரத்துக்குப் போய்விடும், இடுப்பு மடங்கும். அதே இரண்டு மூட்டையை ஒன்றன் முன் ஒன்றாக நிமிர்த்தி வைத்தால் மையம் மேலே ஏறிவிடுகிறது. 40 டிகிரியில் சுமை நேராக அச்சின் மேல் உட்காரும். கைப்பிடி தரையிலிருந்து 95 செ.மீ.யில், கைக்கு எடை கிட்டத்தட்ட இல்லை. சாய்க்க ஆரம்பிக்கும் அந்த ஒரு நொடி மட்டும் 23 கிலோ இழுக்க வேண்டும். ஒரு காலை அச்சில் ஊன்றிக்கொண்டு உடம்பு எடையால் இழுத்தால் அதுவும் பெரிதாகத் தெரியாது.

இங்கேதான் இந்த மாடலின் பெரிய குறை. நிமிர்த்தி வைத்த இரண்டு மூட்டைக்கு 40 செ.மீ. ஆழம் வேண்டும். 22 செ.மீ. தகடில் முன் மூட்டை வழுக்கி விழும். அதனால்தான் எல்லோரும் படுக்கவைத்தே ஓட்டுகிறார்கள், மாலையில் இடுப்பைப் பிடிக்கிறார்கள். வெல்டிங் பட்டறையில் 5 மி.மீ. தகடை 40 செ.மீ.க்கு நீட்டி, முன் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து வாங்குங்கள். தேய்க்காவிட்டால் மூட்டைக்கு அடியில் நுழையாது, சாக்கைக் கிழிக்கும்.

சக்கரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நின்ற இடத்திலிருந்து ஒரு இன்ச் படியை ஏற, 100 கிலோ சுமைக்கு 10 இன்ச் சக்கரம் 75 கிலோ தள்ளுவிசை கேட்கும். 6 இன்ச் சக்கரத்துக்கு 112 கிலோ. வாசற்படியிலும் உடைந்த சிமெண்ட் தரையிலும் சின்னச் சக்கரம் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். படிக்கு முதுகைக் காட்டி நின்று வண்டியைப் பின்னோக்கி இழுங்கள். கொப்பரைக் களத்தில் முள் அதிகம் என்றால் காற்றில்லாத டயர் போடலாம், அதிர்வு கூடும். காற்று டயர் என்றால் இரண்டிலும் ஒரே அழுத்தம் இருக்கட்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

சரிவில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்றால் 100 கிலோவுக்கு 8 கிலோ விசை போதும். 6க்கு 1 ஆனால் 17. ஏறினாலும் இறங்கினாலும் ஆள் எப்போதும் சுமைக்கு மேல்பக்கம்தான் நிற்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் மழை அடித்து நனைந்த சரிவில் இதை மீறவே கூடாது.

‘தோளில் தூக்கினால் சீக்கிரம் முடியும்’ என்பவர்களுக்கு ஒன்று: ஆண்களுக்கான உச்ச எடையாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை 55 கிலோவைச் சொன்னது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் சூத்திரமோ, உடம்போடு ஒட்டி இடுப்பு உயரத்தில் தூக்கினால்கூட 23 கிலோவோடு நிறுத்துகிறது. குனிந்து தூக்கும்போது சுமை முதுகெலும்பிலிருந்து 45 செ.மீ. தள்ளி இருக்கும், முதுகுத் தசைக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் 5 செ.மீ.தான். 50 கிலோவைத் தூக்க அந்தத் தசை 450 கிலோ இழுவிசை கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது கைப்பிடிக்கு வெளியே விரல் காக்கும் வளைவு இருக்கிறதா பாருங்கள், கதவு நிலையில் உரசுவது விரல் முட்டிதான். அச்சு முனையில் ஸ்பிளிட் பின் இரண்டு காலும் விரித்து மடக்கியிருக்க வேண்டும். சில வண்டிகளில் வெறும் ஆணியை வளைத்து விட்டிருக்கிறார்கள். அது கழன்றால் சக்கரமும் கூடவே வரும்.