ஓட்டு வீட்டு மச்சறையில் ஃபோம் அடிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

குடியாத்தத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. மங்களூர் ஓடு, அதைத் தாங்கும் சாய்வான தேக்குக் கைமரம். அவர் காலத்தில் நெசவு நூல் மூட்டைகளை அடுக்கிய மச்சறையில் இப்போது என் மகள் படிக்கிறாள். கத்திரி வெயிலில் அங்கே பகலில் உட்கார முடியாது. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் வேலூரிலிருந்து ஓர் ஒப்பந்தக்காரரை அழைத்தேன்.

"ஓட்டின் அடிப்பக்கம் முழுக்க ஃபோம் அடித்துவிடலாம் சார். இருபது வருடத்துக்குக் கவலையில்லை" என்றார். தெளித்ததும் உப்பி இறுகிச் சூட்டைத் தடுக்கும் நுரைதான் இந்த ஃபோம். 62,000 ரூபாய், முழுத் தொகையும் முன்னதாகவே. இரண்டே நாளில் ஓடு, அது உட்காரும் ரீப்பர் சட்டம், கைமரம் எல்லாவற்றையும் மூடி நுரை இறுகிவிட்டது. கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்து இடைவெளியும், பக்கச் சுவர்களின் உச்சியில் தாத்தா விட்டிருந்த காற்றுத் துளைகளும் அதோடு அடைபட்டன. அவற்றை ஏன் அடைக்கிறீர்கள் என்று கேட்டேன். "திறந்திருந்தால் சூடு உள்ளே வரும்" என்றார். நம்பிவிட்டேன்.

முதல் கோடையில் சூடு குறைந்தது உண்மைதான். இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் அறை முழுக்கப் புழுங்கிய நாற்றம். ஃபோமைக் கொஞ்சம் கீறிப் பார்த்த ஆசாரி, கைமரத்தின் நுனியில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது ரொட்டிக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. அந்தச் சத்தமில்லாத இறக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை.

"மழை எப்போதும்தான் உள்ளே வந்தது தம்பி. காற்று உலர்த்திவிட்டது. இப்போது உலர வழியில்லையே" என்றார்.

நடந்தது இதுதான். மங்களூர் ஓட்டின் இடுக்கில் சாரல் கொஞ்சம் இறங்கும். சுட்ட மண்ணும் சிறிது நீரைக் குடிக்கும். அடியில் காற்று ஓடும் வரை அதனால் கெடுதல் இல்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், பிறகு கரையானும் தேடி வரும். உடைந்த ஒரே ஓட்டைக்கூட மாற்ற முடியவில்லை. ஃபோமால் அக்கம்பக்கத்து ஓடுகளோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்தது. ஒழுகும் இடம் ஒன்று, கறை தெரியும் இடம் வேறு.

ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன். "மரம் பழையது சார்" என்றார். எழுபது ஆண்டு நின்ற மரம் இரண்டே மழையில் பழையதாகிவிட்டதா? அதன் பிறகு போனை எடுக்கவில்லை. உத்தரவாதம் வாய்ச்சொல்லாகவே இருந்ததால் கையில் காட்ட ஒரு தாளும் இல்லை.

இப்போது ஃபோமைச் சுரண்டி எடுத்து, நான்கு கைமரங்களை மாற்றியிருக்கிறோம். கைமரங்களுக்குக் கீழேதான் சூடு தடுக்கும் பலகை. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே குறைந்தது 5 சென்டிமீட்டர் வெற்றிடம். பலகையின் அலுமினியப் பளபளப்பு அந்த வெற்றிடத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஓட்டோடு ஒட்டிவிட்டால் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பாது. இறவாணத்தில் காற்று நுழையவும், முகட்டில் சூடான காற்று வெளியேறவும் வழி விட்டு, அணில் புகாமல் கம்பிவலை அடித்தோம்.

ஃபோம் அடிக்க யாராவது வந்தால், மரத்துக்குக் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். பதிலைத் தாளில் வரைந்து கையெழுத்திடச் சொல்லுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள், சுவரில் உட்காரும் கைமர நுனிகளை அடுத்த மழைக்கு முன் திறந்து பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் முதலில் இற்றுப்போனது அந்த இடம்தான்.