வேலியோரம் நின்று அளந்தவர்

கனடாவின் ஒன்ராறியோவில் சட்டப்படியான கஞ்சா கடைக்கு இடம் பார்த்தபோது இந்த நில அளவையாளரைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டருக்குள் கடை வைக்கக்கூடாது. வாசலுக்கு வாசல் 190 மீட்டர் என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர் நேரே பள்ளி மைதானத்தின் கம்பி வேலியோரம் போய் நின்று, "பள்ளியின் எல்லை இங்கேயே வந்துவிட்டது அண்ணா" என்றார். பள்ளி மட்டுமே இருக்கும் கட்டடம் என்றால் வாசலிலிருந்து இல்லை, பள்ளிக் காணியின் எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். அங்கிருந்து அளந்தால் 138 மீட்டர்தான்! மறுநாள் முன்பணம் கட்ட இருந்தேன். அப்புறம், எழுத்தில் அறிக்கை தர ஒன்பது நாள் எடுத்தார், அது அதிகம். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தை வேலி வரை கணக்கில் எடுப்பது சரியென்றே எனக்கும் படுகிறது. அடுத்த இடத்துக்கும் இவரைத்தான் கூப்பிடுவேன்.