இரத்தம் ஏற்றும் வார்ட்டில் ஒரு நாள்: மட்டக்களப்புப் பயணம்

இந்த முறை ஊரில் நின்றது மூன்று கிழமை. அதில் ஒரு முழு நாள் ஆஸ்பத்திரியில் போனது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அக்காவின் மகனுக்குப் பிறவியிலேயே தலசீமியா மேஜர், உடம்பு போதிய நல்ல இரத்தத்தைத் தானே உண்டாக்க முடியாத நோய். வயது 16. நாலு கிழமைக்கு ஒருக்கா இரத்தம் ஏற்ற வேண்டும். கல்லடியில் இருந்து விடிய ஆறு மணிக்கே ஓட்டோவில் வெளிக்கிட்டோம்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். இரத்தத்துக்கோ கட்டிலுக்கோ ஒரு சதம் கேட்கவில்லை, வார்ட்டில் இருந்த மிஸ் அவனுடைய நரம்பைத் தடவிப் பார்த்து ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிட்டார், பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

பை பாதி இறங்கியபோது அவன் மெல்லச் சொன்னான்: "மாமா, கொஞ்ச நாளா மாடிப்படி ஏறினா நெஞ்சு படபடக்குது." அக்காவுக்கு இது தெரியாது. கிளினிக் கொப்பியை வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ஃபெரிட்டின் கணக்கு (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) இருக்கிறது, இதயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்து இரண்டு வருடத்துக்கு மேல். கேட்டால் திகதி தருவார்கள் என்கிறார் அக்கா. திகதி வரவில்லை, அவரும் திரும்பக் கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு பை இரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. ஈரலில் சேர்ந்து, அப்புறம் இதயத் தசையிலும் படிகிறது. ஃபெரிட்டின் குறைவாக இருந்தாலும் இதயத்தில் இரும்பு இருக்கலாம், எக்கோவும் கடைசி மட்டும் சரியாகவே காட்டலாம். இதயத்தில் உள்ள இரும்பை நேராக அளப்பது டி-டூ-ஸ்டார் எம்.ஆர்.ஐ. என்கிற ஸ்கேன். அதில் வரும் அளவு 20 மில்லிசெக்கனுக்குக் கீழே வந்தால் இரும்பு படிந்திருக்கிறது, 10-க்குக் கீழே என்றால் இதயம் செயலிழக்கும் ஆபத்து அதிகம். நேரத்தோடு பிடித்து இரும்பை இறக்கும் மருந்தை இறுக்கினால் இதயம் திரும்பத் தேறவும் கூடும்.

அந்த மருந்தை ஏற்றுகிற பம்ப் வீட்டில் இருக்கிறது. வயிற்றில் ஊசி குத்தி இரவு முழுக்கக் கிடக்க வேண்டும், கிழமையில் ஐந்து இரவு. அவன் குத்துவது இரண்டு இரவு. வயிற்றைத் தூக்கிக் காட்டினான், ஊசி போட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு ஏச எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே டொக்டரிடம் படபடப்பைச் சொன்னோம். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார், எம்.ஆர்.ஐ.-க்கு வெளியூருக்குக் கடிதம் எழுதித் தந்தார், குளிசைக்கு மாற்றலாமா என்றும் பார்ப்பதாகச் சொன்னார். கேட்டதும் கிடைத்தது. பிள்ளைக்கு இரத்தம் ஏற்றுகிற வீட்டுக்காரர் யாராவது இதை வாசித்தால், அடுத்த கிளினிக்கில் இதயத்தைப் பற்றிக் கேளுங்கள். போன கிழமை அக்கா போன் எடுத்தார், எம்.ஆர்.ஐ. திகதி வந்துவிட்டதாம்.