8 ஜிபி ராம் 16 ஜிபி ஆனபின்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டுக் கணினியில் ராமை (நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி ஆக்கி நாளாகிவிட்டது. எனக்கு அது தேவைப்பட்ட செலவுதான். அதற்காக, மெதுவாக ஓடும் எல்லாக் கணினிக்கும் இதுதான் மருந்து என்று சொல்ல மாட்டேன்.

வாங்கலாமா வேண்டாமா என்பதை விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை (கணினியின் வளங்கள் எவ்வளவு செலவாகின்றன என்று காட்டும் கருவி) பார்த்துத்தான் முடிவு செய்தேன். மெமரி பக்கத்தைத் திறந்ததும் 70, 80 சதவீதம் என்று தெரிந்தால் பலரும் பதறுகிறார்கள். அதைவிட முக்கியம் கீழே ‘கமிட்டட்’ என்று இருக்கும் எண். ராம், பேஜ் ஃபைல் (ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் இடம்) இரண்டையும் நம்பி நிரல்கள் கேட்டு வைத்திருக்கும் மொத்த நினைவகம் அது. வழக்கமான வேலையிலேயே அது ராமின் அளவைத் தாண்டி, டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால் ராம் போதவில்லை என்று அர்த்தம். பிரவுசரில் நிறைய டேப், ஒரு வீடியோ அழைப்பு, பெரிய எக்ஸெல் கோப்பு எல்லாம் சேர்ந்தால் என் கணினியில் அது 11 ஜிபியைத் தொட்டது. பழைய டேபுக்குத் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து ஏறும். பாதி நிரப்பிய படிவம் காலியாகக் கிடக்கும். இப்போது அந்தத் தொல்லை அறவே இல்லை.

ஆனால் கணினி ஆன் ஆகும் நேரம் அப்படியேதான் இருக்கிறது. பெரிய கோப்புகளை நகலெடுக்கும் வேகமும் மாறவில்லை. அவை டிஸ்க்கைப் பொறுத்தவை. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் முதலில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாறுங்கள், ராமை அப்புறம் பார்க்கலாம்.

நான் எதிர்பார்த்ததைவிட அதிகப் பலன் கிடைத்தது டூயல் சேனலில், அதாவது இரண்டு ராம்களைக் கணினி ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையில். ஒற்றை 8 ஜிபிக்குத் துணையாக அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்று போட்டேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் படக்காட்சிக்கும் இதே ராம்தான். சின்னச் சின்ன விளையாட்டுகள்கூடத் திக்காமல் ஓடுகின்றன. வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.

வாங்கும் முன் ராமைச் செருகும் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று அதே மெமரி பக்கத்தில் பாருங்கள். ராமின் தலைமுறையையும் பாருங்கள்: டிடிஆர்4 ஸ்லாட்டில் அடுத்த தலைமுறையான டிடிஆர்5 பொருந்தாது, ராமின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. சில மடிக்கணினிகளில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அங்கே பிறகு கூட்ட வழியில்லை. போட்டு முடித்ததும், ராமில் பழுது உண்டா என்று சோதிக்கும் விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

32 ஜிபி எனக்கு வேண்டியிருக்கவில்லை. வீடியோ எடிட்டிங் செய்பவர்களும் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டுபவர்களும் நேராக அங்கே போகலாம்.