டிரெய்லர் எல்இடி விளக்கு: சேஸிஸ் எர்த்தா, தனி எர்த் வயரா?

கோபிசெட்டிபாளையம், பவானி பக்கம் கரும்பு ஏற்றும் டிரெய்லரில் எல்இடி மாட்டியதும், பின்விளக்கு மினுக்கென்று விட்டு விட்டு எரிந்தால் உடனே விளக்கை மாற்றாதீர்கள். முதலில் எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் நெகட்டிவ் பாதையைப் பாருங்கள்.

சேஸிஸ் எர்த்தில் நெகட்டிவ், டிரெய்லர் இரும்பு வழியே கொக்கிக்கு வந்து டிராக்டருக்குத் திரும்புகிறது. வயர் மிச்சம், வேலையும் சுலபம். ஆனால் கொக்கியில் கிரீஸ், சேறு, துரு மூன்றும் இருக்கும். வண்டி குலுங்கும்போது தொடர்பு நொடிக்குள் விட்டுப் பிடிக்கும். பழைய 21 வாட் பல்பில் சூடான இழை சட்டென்று ஆறாது, அதனால் கண்ணுக்குத் தெரியாமல் போனது. எல்இடி அந்த நொடியே அணைந்துவிடும்.

தனி எர்த் வயர் என்றால், டிராக்டரையும் டிரெய்லர் வயரையும் இணைக்கும் ஏழு பின் சாக்கெட்டின் 3-ஆம் பின், வழக்கமாக வெள்ளை வயர். ஒவ்வொரு விளக்கின் நெகட்டிவும் இதில் சேர வேண்டும். பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அவ்வப்போது சுரண்டிவிட வேண்டும். கொட்டகையில் எலி கடிக்கும், அதையும் பார்க்கணும்.

எது கெட்டது என்று மல்டிமீட்டர் சொல்லும். 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை விளக்கின் எர்த்திலும் தொட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு.

இரவில் கரும்பு வண்டிக்குப் பின்னால் பைக்கில் வருகிறவரின் உயிர் அந்த விளக்கில் இருக்கிறது. அதனால் நான் தனி வயரைத்தான் சொல்வேன். வண்டி திரும்பும்போது வயர் இழுபடாமல் இருக்க, கொக்கிப் பக்கம் கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டுங்கள்.