பி.காம். முடித்தாயிற்று: பிரிட்டனில் எம்.எஸ்சி.யா, ஏ.சி.சி.ஏ.வா, சி.ஏ.வா?

பி.காம். கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் இப்போது மூன்று பேச்சு அடிபடுகிறது. பிரிட்டன் போய் ஒரே வருடத்தில் இன்டர்நேஷனல் அக்கவுன்டிங் அண்ட் ஃபைனான்ஸ் எம்.எஸ்சி. முடிப்பது, இங்கேயே வேலை பார்த்தபடி பிரிட்டிஷ் கணக்காளர் அமைப்பின் ஏ.சி.சி.ஏ. தேர்வுகளை எழுதுவது, இல்லையென்றால் நம் ஊர் ஆடிட்டர் படிப்பான சி.ஏ. இதில் முதலாவது பட்டம். மற்ற இரண்டும் தொழில் தகுதி. இதை மறந்துவிட்டுக் கட்டணத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பமே.

பாடம் எப்படி வேறுபடுகிறது என்று ஒரே கணக்கை வைத்துப் பார்ப்போம். பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு ஜவுளி நிறுவனம் தி.நகரில் 5 வருடத்துக்கு ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுக்கிறது. வருடத்துக்கு 12 லட்சம், வருடக் கடைசியில் கட்ட வேண்டும். முன்பெல்லாம் இந்த வாடகை அந்தந்த வருடச் செலவோடு முடிந்துவிடும். 2019இல் குத்தகைக்கான சர்வதேசக் கணக்கு விதி ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் இந்தியாவில் அதன் இந்திய வடிவமான இண்ட் ஏ.எஸ். 116. இப்போது மொத்த வாடகையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கடனாகக் காட்ட வேண்டும். 9 சதவீத வட்டி வைத்தால், கட்டப்போகிற 60 லட்சம் இன்றைக்குச் சுமார் 46.7 லட்சம் கடனாக பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். எதிர்ப்பக்கம் கட்டடத்தைப் பயன்படுத்தும் உரிமை சொத்தாக நிற்கும்.

சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டரிடம் நேரடிப் பயிற்சியில், இருப்பவர் கையில் அந்த வாடகை ஒப்பந்தமே வரும். இடையில் காலி செய்ய முடியுமா, நீட்டிக்க வழி இருக்கிறதா, அந்த 9 சதவீதத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தோண்ட வேண்டும். ஏ.சி.சி.ஏ.வின் ஸ்ட்ராடஜிக் பிசினஸ் ரிப்போர்ட்டிங் பேப்பரில் விடை எண் மட்டும் போதாது. கடன் திடீரென்று கூடியது ஏன், வங்கி போட்ட நிபந்தனை மீறப்படுமா என்று இயக்குநருக்குப் புரிகிற மாதிரி எழுதிக் காட்ட வேண்டும். எம்.எஸ்சி.யில் கேள்வியே வேறு மாதிரி வரும். விமானங்களைக் குத்தகைக்கு ஓட்டும் நிறுவனங்களின் கடன் இந்த விதியால் எகிறியதே, முதலீட்டாளருக்கு அது புதுச் செய்தியா, முன்பே தெரிந்ததுதானா? ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து வாதம் எழுத வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாவது கேள்விதான். ஆனால் மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டிய அலுவலகத்தில் அதை யாரும் கேட்பதில்லை.

சரி, செலவு. கல்லூரிக்குக் கல்லூரி கட்டணம் மாறும். லண்டனில் பேயஸ் மாதிரி பெயர் பெற்ற பிசினஸ் ஸ்கூல் என்றால் இன்னும் மேலே. அதற்கு மேல், லண்டனுக்கு வெளியே படிப்பதானால் விசாவுக்கு 9 மாதச் செலவுக்காக 10,539 பவுண்டு கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும், லண்டன் என்றால் 13,761. விசாவோடு கட்டும் மருத்துவ சர்சார்ஜ் வருடத்துக்கு 776 பவுண்டு. கடன் வாங்கிப் போகிறவர்கள் 'அங்கேயே வேலை கிடைத்துவிடும், அடைத்துவிடலாம்' என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில்தான் எனக்குச் சந்தேகம்.

பெரிய ஆடிட் நிறுவனங்கள் அடுத்த வருடத்துக்கான ஆளெடுப்பைச் செப்டம்பர் வாக்கிலேயே திறந்துவிடும். நீங்கள் போய் இறங்குவதும் செப்டம்பர். தங்க ரூம் தேடி, பேங்க் அக்கவுன்ட் திறந்து, முதல் அசைன்மென்ட் முடிப்பதற்குள் பல இடங்கள் நிரம்பிவிடும். எம்.எஸ்சி. மார்க் எதுவும் கையில் இல்லாமல்தான் விண்ணப்பிக்கிறீர்கள். இன்னொன்று, அந்த வேலைகளுக்கு எம்.எஸ்சி.யே தேவையில்லை. வரலாறு படித்த பிரிட்டிஷ் பிள்ளையும் உங்களோடு சேர்ந்து அதே பயிற்சிக்கு வருவார். இரண்டு பேரையும் நிறுவனம் அந்த ஊர் சி.ஏ.வான ஏ.சி.ஏ. அல்லது ஏ.சி.சி.ஏ. எழுத வைக்கும். படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேட 2 வருடம் கிடைத்து வந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குப் பிறகும் அங்கே வேலை பார்க்கத் தேவையான ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுக் குறைந்தபட்ச வருடச் சம்பள வரம்பும் 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக ஏறிவிட்டது. புதிதாக வேலையில் சேர்பவர்களுக்குக் குறைவுதான், 33,400. அதுவும் சின்னத் தொகை இல்லை.

ஏ.சி.சி.ஏ.வில் மொத்தம் 13 பேப்பர், 36 மாத வேலை அனுபவம், 50 மார்க் பாஸ். வருடத்துக்கு நான்கு முறை எழுதலாம் என்பதால் சம்பளத்தை விடாமலே நகர்த்தலாம். சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கும் அலுவலகங்களில் இதற்கு நல்ல மதிப்பு. ஆனால் இதை வைத்து இந்தியாவில் கம்பெனி ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது; அது சி.ஏ.வுக்கு மட்டும். சொந்த ஊரில் ஆடிட்டர் போர்டு மாட்ட ஆசை என்றால் இந்த அலசலே தேவையில்லை, சி.ஏ.தான். ஆர்ட்டிகிள்ஷிப்பும் இப்போது 2 வருடமாகக் குறைந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்கிற வீட்டுப் பிள்ளை முதலில் ஏ.சி.சி.ஏ. ஆரம்பித்து வேலையில் சேரட்டும். எம்.எஸ்சி. ஆசையை அதற்காக விடவும் வேண்டாம். ஏ.சி.சி.ஏ.வோடு இணைத்து லண்டன் பல்கலைக்கழகம் ப்ரொஃபஷனல் அக்கவுன்டன்சி எம்.எஸ்சி.யை ஆன்லைனில் தருகிறது. ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. பணம் பிரச்சினை இல்லை, ஆராய்ச்சி, கற்பித்தல், முதலீட்டு அலசல் பக்கம் மனம் போகிறது என்றால் நேரில் போய்ப் படிக்கும் அந்த ஒரு வருடத்துக்கு மாற்று கிடையாது.

அப்புறம், 'எங்கள் எம்.எஸ்சி. முடித்தால் ஏ.சி.சி.ஏ.வில் பாதிக்கு மேல் விலக்கு' என்று ஏஜென்ட் சொன்னால், எந்தக் கல்லூரி, எந்த வருட பேட்ச், எந்தெந்தப் பேப்பர் என்று ஏ.சி.சி.ஏ. தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பி.காம்.முக்கே சில பேப்பர்கள் விலக்கு கிடைத்துவிடும் என்பதால், எம்.எஸ்சி.யால் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். அதிகபட்சம் முதல் 9 பேப்பருக்குத்தான் விலக்கு. கடைசி நான்கை எந்தப் பட்டம் வைத்திருப்பவரும் எழுதியே ஆக வேண்டும்.